பத்தமடைக் கோரைப் பாயில் யோகாசனம்: அகிம்சை என்ற அளவுகோலில் ஒரு மதிப்பீடு

பத்தமடைக் கோரைப் பாயில் உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப்பாய் என்றுதான் பெயர். பட்டுப்புழுவுக்கும் அதற்கும் பொதுவாகத் தொடர்பு கிடையாது. கோரையை நூல்போலக் கிழித்து, பருத்திப் பாவில் நெருக்கமாக நெய்து, தேய்த்து மெருகேற்றினால் கைக்குப் பட்டுபோல இருக்கும். அதனால் வந்த பெயர். கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்த பட்டு வேண்டாம் என்று நினைப்பவர்கள் பெயரைக் கேட்டு விலக வேண்டியதில்லை. அதற்காக, 'கோரைதானே, புல்தானே, இதில் என்ன பாவம்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. பாவு நூல், சாயம், நெய்தவர் கூலி, விரிக்கப்போகிற தரை என்று நான்கு இடங்களில் இந்தப் பாய் கோட்டை விடலாம். நான்கையும் விவரமாகப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்டது 6 அடி நீளம், 2 அடி அகலமுள்ள நடுத்தர ரகக் கோரைப் பாய். பத்தமடை, திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் சாலையில் உள்ள ஊர். ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பாயையும் வாங்கிப் போக நினைப்பது இயல்பு. ஆனால் அப்போது கை தேடிப்போவது கண்ணைப் பறிக்கும் ரகத்தை. பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த கல்யாணப் பாயும், மடித்தால் துணிபோலத் துவளும் பட்டுப்பாயும் அழகுதான். ஆசனப் பயிற்சிக்கு அவை சரிப்படாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

அளவுகோல் அகிம்சை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது யமம் என்ற ஒழுக்க விரதம், யமம் ஐந்தில் முதலாவது அகிம்சை (2.30). ஆசனம் மூன்றாவது அங்கமாகத்தான் வருகிறது. ஆசனத்துக்காக வாங்கும் பொருளே முதல் அங்கத்தை மீறினால் படியைத் தாண்டிக் குதித்தது போலாகும். எல்லா விதத்திலும், எல்லாக் காலத்திலும், எல்லா உயிர்களிடமும் தீங்கு நினையாமை என்று அந்தச் சூத்திரங்களுக்குப் பழைய உரையான வியாச பாஷ்யம் அகிம்சைக்கு விளக்கம் சொல்கிறது. வாய்மை, கள்ளாமை முதலான மற்ற யம நியமங்களெல்லாம் அதை வேராகக் கொண்டவை, அதைத் துலக்குவதற்காகவே கடைப்பிடிக்கப்படுபவை என்றும் சொல்கிறது. தமிழில் திருமூலரும் இயமத்தைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வைக்கிற சொல் 'கொல்லான்'.

பொருள் வாங்குகிறவருக்கு இதில் மிகவும் பயன்படுவது 2.34-ஆம் சூத்திரம். தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது என்று இம்சையை அது மூன்றாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் பேராசையால், சினத்தால், மயக்கத்தால் நிகழலாம். ஒவ்வொன்றும் மென்மை, நடுத்தரம், மிகுதி என்ற அளவில் இருக்கலாம். மும்மூன்றாகப் பெருக்கினால் 27. அந்த மூன்று அளவுகளையும் மறுபடி மும்மூன்றாகப் பிரித்து 81 என்கிறது பாஷ்யம். கடையில் நிற்பவர் கத்தியைத் தொடுவதில்லை. ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் அவர் பெயர் இருக்கிறது. தின்பவர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவரும் இல்லை என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் சொல்வதும் இதே கணக்குத்தான்.

பேராசையால் வரும் இம்சைக்கு வியாசர் கொடுக்கும் உதாரணம் இறைச்சியும் தோலும். இந்த இடம் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டியது. ஏனென்றால் கீதை 6.11-ல் யோகியின் இருக்கையைச் சொல்லும்போது துணி, மான்தோல், தருப்பை என்று மூன்றும் வருகின்றன. அடுக்கு முறை தலைகீழ் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள்: அடியில் தருப்பை, அதன்மேல் தோல், எல்லாவற்றுக்கும் மேலே துணி. இன்றைக்கும் மான்தோல், புலித்தோல் என்று கேட்டு அலைகிறவர்கள் உண்டு. பொதிகை மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. தோலுக்கு விலை கொடுக்க ஒருவர் தயாராக இருந்தால் கண்ணி வைக்க ஒருவர் கிளம்புவார். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. 'பழைய தோல், தாத்தா காலத்துச் சொத்து' என்று யாராவது விற்க வந்தாலும் வாங்கக் கூடாது. கீதை சொன்ன அடுக்கில் நடுவிலுள்ளதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கீழே புல், மேலே துணி. கோரைப் பாய் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்தால் அதுதான் கிடைக்கிறது. கோரையும் தருப்பையும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். அதனால் சடங்குக்கு ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. உட்காருவதற்கு ஆகும்.

இனி பொருளுக்கு வருவோம்.

கோரை ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் ஈரத்தில் வளர்வது. அறுத்தால் செத்துப்போவதில்லை, மண்ணுக்குள் கிழங்கு இருப்பதால் மறுபடி தழைக்கிறது. ஓர் உயிரை அடியோடு அழிக்காமல் கிடைக்கும் மூலப்பொருள் என்ற வகையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பச்சையாக இருக்கும்போதே தண்டைக் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றை எடுத்து, வெயிலில் காயவைப்பார்கள். நேர்த்தியான ரகத்துக்கு இன்னொரு வேலை உண்டு. காய்ந்த கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊதிப் பெருத்ததும் எடுத்து, காயவைத்து, மறுபடி மெல்லியதாகக் கிழிப்பார்கள். தண்ணீர் ஓட வேண்டும் என்பது முக்கியம். தேங்கின தண்ணீரில் ஊறிய கோரை அழுகல் வாடை அடிக்கும், நிறம் கறுக்கும். பாயை வாங்கும்போது முகத்துக்கு நேரே பிடித்து மூச்சை இழுத்துப் பாருங்கள். காய்ந்த வைக்கோல் வாசம் வந்தால் நல்லது. புளித்த வாடை வந்தால் வைத்துவிடுங்கள். பிராணாயாமத்தில் அந்த வாடையைத்தான் அரைமணி நேரம் இழுக்க வேண்டியிருக்கும்.

பாவு நூல்தான் முதல் சோதனை. நீளவாக்கில் ஓடும் நூல் பாவு; அகலவாக்கில் கோரை ஊடையாக நுழைகிறது. நல்ல ரகத்தில் பாவு பருத்தி. முரட்டு ரகத்தில் சணல் வரும். மலிவான பாய்களில் நைலான் நூலும் பிளாஸ்டிக் இழையும் வந்துவிட்டன. மேலே கோரை மூடியிருப்பதால் பார்வைக்குத் தெரியாது. அபூர்வமாக மிக உயர்ந்த ரகத்தில் பட்டு நூலோ, கரையில் பட்டுத் துணியோ சேர்ப்பதும் உண்டு. ஆகவே, 'அக்கா, பாவு பருத்தியா, நைலானா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நெய்கிறவர்கள் மறைக்க மாட்டார்கள். இடையில் கைமாறுகிற இடத்தில்தான் பதில் குழம்பும். வீட்டுக்கு வந்தபின் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. பாயின் முடிச்சு நுனியில் தொங்கும் நூலில் ஓர் அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாயை விட்டுத் தள்ளி நின்று கொளுத்துங்கள். பருத்தியும் சணலும் காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாக உதிரும். நைலான் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு, முடி கருகின வாடை அடித்து, நசுக்கினால் பொடியும். நைலான் பாவில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது: கோரை இற்ற பிறகும் நூல் இற்றுப்போகாது, அறுந்த இழைகள் மண்ணிலும் ஆட்டுமாட்டு வயிற்றிலும் போய்ச் சேரும்.

இரண்டாவது சாயம். சாயம் போடாத பாய் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பதுதான் எங்கள் தீர்மானமான யோசனை. வெளிர்பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், நாள்பட வைக்கோல் நிறத்துக்கு வரும், அதுவே அழகு. நிறம் வேண்டுமென்றால், பழைய முறையில் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். 'இயற்கைச் சாயம்' என்று சீட்டு ஒட்டியிருப்பது மட்டும் போதாது. ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையின் மேல் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறாவிட்டால் வியர்வைக்கும் பெரும்பாலும் ஏறாது. ஏறினால், அந்தக் கறையில் ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறும் இன்னொரு பக்கம் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சப்பங்கி, புளிப்பில் மஞ்சளுக்கும் சுண்ணாம்பில் ஆழ்ந்த சிவப்புக்கும் மாறும். ரசாயனச் சாயம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இந்தச் சோதனையை விற்பவரிடம் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. சாயம் கரைத்த தண்ணீர் கடைசியில் வாய்க்காலுக்கும் அங்கிருந்து தாமிரபரணிக்கும் போகும். கோரையை வளர்க்கிற தண்ணீரும், நாம் குடிக்கிற தண்ணீரும் அதுதான். மீனுக்கும் நத்தைக்கும் போய்ச் சேரும் நஞ்சில் 'செய்வித்தது' என்ற கட்டம் மறுபடி நம் பக்கம் திரும்புகிறது.

மூன்றாவது கூலி. பத்தமடையில் இந்த நெசவைத் தலைமுறைகளாகச் செய்து வருபவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். தறியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தறி தரையோடு தரையாகக் கிடக்கும். ஒருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்து பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து அடிக்க, பகலெல்லாம் முதுகை வளைத்து உட்கார்ந்து செய்யும் வேலை. சாதாரணப் பாய் சீக்கிரம் முடியும். நேர்த்தியான பாய்க்கு வாரங்கள் ஆகும். நம் முதுகு நிமிர வேண்டுமென்று வாங்குகிற பாய்க்காக இன்னொருவர் முதுகு வளைகிறது. அவர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு நிற்பது அகிம்சைக்கு மட்டுமல்ல, கள்ளாமைக்கும் பொருந்தாது. நடுத்தர ரகம் நூறுகளில் முடியும், பட்டுப்பாய் ஆயிரங்களில் போகும். பேரம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பாயைக் குறையுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். கல்யாண ரகம் கேட்டவர் நடுத்தர ரகத்துக்கு இறங்கலாம்; மூன்று நிறம் கேட்டவர் ஒன்றோடு நிறுத்தலாம். சேர்ப்பது, காப்பது, அழிவது, பற்று வைப்பது ஆகியவற்றோடு பிற உயிரை வருத்துவதையும் ஒரு குற்றமாகக் கண்டு பொருளை ஏற்காமலிருப்பதே அபரிக்கிரகம் என்று பாஷ்யம் சொல்வது இந்த இடத்துக்குப் பொருத்தம். விசைத்தறியில் நெய்த பாய் மலிவாகக் கிடைக்கும். முதலில் மேலே சொன்ன நூல் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் நான்காவது இடத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள்: தரை.

கோரைப் பாய் வழுக்கும். இதை மறைத்துப் பாராட்டுவதில் பயனில்லை. வழுக்கல் இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, கையோ காலோ பாயின் மேல் வழுக்குவது. அதோமுக சுவானாசனத்தில் கை முன்னாலும் கால் பின்னாலும் தள்ளுகின்றன. திரிகோணாசனத்திலும் வீரபத்ராசனத்திலும் இரண்டு கால்களும் எதிரெதிராக விலகுகின்றன. இவற்றில் பாய் இரண்டு பக்கமும் இழுபடுவதால் அது நகராது, உள்ளங்கையும் பாதமும்தான் நகரும். நடுத்தர ரகம் போதும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. கோரை அகலவாக்கில் கிடப்பதால், நீளவாக்கில் தள்ளும் கைக்கு அதன் வரிகள் குறுக்கே நின்று பிடி கொடுக்கின்றன. பட்டுப்பாயில் அந்த வரிகள் கிட்டத்தட்ட இல்லை. கையில் ஈரப்பசை இருந்தால் கண்ணாடிபோல இருக்கும். மிகவும் முரடான ரகத்தில் பிடி நன்றாக இருக்கும், ஆனால் முழங்கையும் கணுக்காலும் உரசிச் சிவக்கும். வாங்குமுன் பாயைக் கீழே விரிக்கச் சொல்லி, உள்ளங்கையை வைத்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். முதல் தள்ளலில் தெளிவாகக் கூடுதல் பிடி தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றுபோலிருந்தால் அந்த ரகம் படுக்கத்தான் சரி.

இரண்டாவது, பாயே தரையில் நகர்வது. சூரிய நமஸ்காரத்தில் காலைப் பின்னால் எறியும்போது பாயும் சேர்ந்து பின்னால் போகும். பழைய வீட்டுச் சிமெண்டுத் தரையிலும், தட்டட்டியில் (மொட்டைமாடியில்) பதித்த ஓட்டின் மேலும் அவ்வளவு நகராது. பளபளப்பான டைல்ஸ், கிரானைட் தரையில் சறுக்குப் பலகைதான். மூன்று வழி இருக்கிறது. பாயின் பின்முனையைச் சுவரோடு ஒட்டி விரிக்கலாம். அடியில் மெல்லிய இயற்கை ரப்பர் வலையை விரிக்கலாம். காலை எறிவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். மூன்றாவதே நல்லது. அடியில் ஈரத்துணி போடுவது சிலருக்குத் தோன்றும். வேண்டாம், பிடிக்கும் ஆனால் ஒரே வாரத்தில் பாய் பூசணம் பிடிக்கும்.

இங்கே அகிம்சையின் இன்னொரு முகம் வருகிறது. எல்லா உயிரிடமும் என்று சொன்னால் தன் உடம்பும் அதில் சேர்ந்ததுதான். 'வழுக்கினாலும் விடாமல் பிடிக்கிறேன்' என்று திரிகோணாசனத்தில் காலை இறுக்கி நிற்பவருக்கு உள்தொடைத் தசையும் தொடைப் பின்தசையின் மேல் நுனியும் இழுபடும். உட்கார்ந்தால் வலிக்கிற அந்த இடத்துக் காயம் ஆற மாதங்கள் ஆகும். நிலைத்ததும் சுகமானதும் ஆசனம் (2.46) என்று இரண்டு சொல் போட்டிருக்கிறது, அடுத்த சூத்திரம் முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறது. ஆகவே கோரைப் பாயில் நிற்கும்போது வழக்கத்தைவிட அரையடி குறைத்துக் காலை விரியுங்கள். முழங்கால் லேசாக இளகியிருக்கட்டும். அதிலும் வழுக்கினால் அந்த ஆசனத்தைப் பாய்க்கு வெளியே, வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்யலாம். ஒரு குறையும் வராது. குதித்துக் குதித்து ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கச் செய்யும் முறையைப் பயில்பவர்கள் இந்தப் பாயை வாங்க வேண்டாம். வியர்வையில் கோரை ஊறி, கறை பிடித்து, ஆறு மாதத்தில் இற்றுவிடும். அதற்கு முன்பே நீங்கள் ஒருமுறை விழுந்திருப்பீர்கள்.

மெத்தென்று இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் ரப்பர், பிளாஸ்டிக் விரிப்பு 4 முதல் 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும், அமுங்கும். கோரை அமுங்காது. வச்சிராசனத்தில் கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். உஷ்டிராசனம், பூனையாசனம் போல முழங்காலில் நிற்பவற்றுக்கு ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட வேண்டும். சர்வாங்காசனத்துக்குப் பாய் மட்டும் போதவே போதாது. மடித்த போர்வைகளை அடுக்கி, தோளும் மேல்கையும் இரண்டு அங்குலமாவது உயர்ந்தும், தலை பாயில் தாழ்ந்தும் இருக்கும்படி வைத்தால்தான் கழுத்தில் பாரம் இறங்காது. சிரசாசனம் பழகுகிறவர்களும் மடித்த போர்வை இல்லாமல் இதில் தலையை ஊன்றக் கூடாது.

இந்தப் பாய் ஜெயிக்கிற இடம் உட்காருவதும் படுப்பதும். சித்திரை, வைகாசி வெயிலில் பிளாஸ்டிக் விரிப்பு முதுகில் ஒட்டிக்கொள்ளும். கோரைப் பாயில் சவாசனம் செய்தால் இழைகளுக்கு நடுவே காற்று நுழைந்து முதுகு குளிரும். தியானத்துக்கும் பிராணாயாமத்துக்கும் உட்காரும்போது, மடித்த பருத்தித் துணியை இரண்டு முதல் நான்கு அங்குல உயரத்துக்கு இடுப்புக்கு அடியில் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் கீழ்முதுகு கூன்விழும், பத்து நிமிடத்தில் முழங்கால் உள்பக்கம் வலிக்கும். பாய் கெட்டியாக இருப்பது இதில் ஒரு வசதி: அமுங்கும் விரிப்பில் ஒரு பக்கம் புதைந்து இடுப்பு சாயும், கோரையில் சாயாது. நாற்பது நிமிடம் அசையாமல் உட்காருபவருக்கு இதைவிடப் பொருத்தமான விரிப்பு நெல்லைச் சீமையில் கிடையாது.

புதுப்பாய் முதல் வாரம் குத்தும். கரையோரம் கோரை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்கோலால் நூலை வெட்டாமல் நறுக்கிவிட்டு, உலர்ந்த முரட்டுத் துணியால் கோரை கிடக்கும் திசையிலேயே தேயுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் சிலாம்பு கிளம்பும். மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்த இடத்தில் கோரை முறிந்து, அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். சுருட்டியதைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். சோப்புத் தண்ணீரில் அலச வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காலை வெயிலில் அரைமணி நேரம் காட்டினால் போதும். உச்சி வெயிலில் நாள்முழுக்கக் கிடந்தால் கோரை நொறுங்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசணம் வரும். கரும்புள்ளி தெரிந்த அன்றே, வெயில் இல்லாவிட்டாலும் மின்விசிறிக்கு அடியில் விரித்து உலர்த்தி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சாரல் மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெள்ளிப்பூச்சியும் கரையானும் ஈரத்தைத் தேடித்தான் வருகின்றன. பூச்சி வந்தபின் மருந்தடித்துக் கொல்வதா வேண்டாமா என்ற கேள்வி வராமலிருக்க வழி, அவற்றுக்கு அழைப்பு வைக்காமலிருப்பது. சுவரோடும் தரையோடும் ஒட்டாமல் பலகை மேல் நிறுத்துங்கள். சுருளுக்குள் காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். விரிக்குமுன் வாசலில் ஒருமுறை உதறுங்கள். உள்ளே ஒதுங்கியிருக்கிற எறும்பும் சிலந்தியும் நம் முதுகுக்கு அடியில் நசுங்காமல் போய்விடும். பாச்சை உருண்டை வேண்டாம்: பூச்சியைக் கொல்லும், அதோடு அதன் ஆவியை மூச்சுப் பயிற்சியில் நாமும் உள்ளிழுப்போம்.

மற்ற விரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிவிசி என்ற பிளாஸ்டிக் விரிப்பு பிடியில் முதலிடம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனங்களும், எரித்தால் வரும் அமிலப் புகையும் டயாக்சின் என்ற நஞ்சும் அதைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. இயற்கை ரப்பர் விரிப்பு நல்ல பிடி, நல்ல மெத்து. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும், கனமும் அதிகம். 'சணல் விரிப்பு' என்று வருவதைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் அடிப்பக்கம் பிவிசி. பவானி ஜமுக்காளம் கோரைக்கு நல்ல துணை. தனியாக டைல்ஸ் தரையில் அதுவும் வழுக்கும். கம்பளி, ஆட்டைக் கொல்லாமல் கத்தரிப்பதுதான் என்றாலும் நம் ஊர் வெக்கைக்கு மார்கழி தவிர ஆகாது.

வீட்டில் ஒரு முரண்பாடு வரக்கூடும்: யோகாவுக்குக் கோரைப் பாய், மற்ற நேரத்துக்கு நைலான் பாய். ஜாதி, இடம், காலம், சந்தர்ப்பம் என்ற எல்லைகளால் வெட்டுப்படாததே மகாவிரதம் என்கிறது 2.31. அதற்கு வியாசர் காட்டும் உதாரணங்களில் ஒன்று, மீனை மட்டும் கொல்வேன், வேறொன்றையும் கொல்ல மாட்டேன் என்கிற மீனவர். இன்னொன்று, புண்ணியத் தலத்தில் மட்டும் கொல்ல மாட்டேன் என்பவர். காலை அரைமணி நேரத்துக்கு மட்டும் ஒரு பாய் என்பதும் அந்த வரிசையில்தான் போய்ச் சேரும். இருக்கிற நைலான் பாயை இன்றைக்கே தூக்கிப் போடச் சொல்லவில்லை, அது வேறொரு வீணடிப்பு. இற்றபின் அடுத்து வாங்குவது கோரையாக இருக்கட்டும்.

நன்றாக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். நடுவில் கோரை நொறுங்கத் தொடங்கியதும், நல்ல பகுதியைச் சதுரமாக வெட்டி, ஓரத்தைத் துணி வைத்துத் தைத்தால் உட்காரும் தடுக்காகும். மிச்சத்தில் சாயப்பட்டை இருந்தால் அதை மட்டும் நறுக்கி விலக்கிவிட்டு, பருத்திப் பாவோடு அப்படியே வாழைத்தூரிலோ முருங்கை மூட்டிலோ மூடாக்காகப் போடுங்கள். மேலே இரண்டு கூடை மண் போட்டுத் தண்ணீர் விட்டுவந்தால் அடுத்த கோடைக்குள் கோரையும் நூலும் மண்ணோடு போயிருக்கும். தோண்டிப் பார்க்கும்போது இழை ஏதாவது பளபளவென்று மிஞ்சியிருந்தால், பாவில் நைலான் கலந்து வந்திருக்கிறது. அடுத்த பாய் வாங்கும்போது அந்த இழையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.